உளுந்து வேரில் முடிச்சு ஏராளம், இலை மட்டும் வெளுப்பு: ரைசோபியம் எப்போது உழைக்கும், எப்போது உழைக்காது?

#1 கரிசல்வேர்

உளுந்து விதைத்து 35 நாள். செடியைப் பிடுங்கினால் வேரில் முப்பது, நாற்பது முடிச்சு. ஆனால் இலை வெளிர் பச்சை, அடியிலை மஞ்சள். விதை நேர்த்தியில் ரைசோபியம் (வேர் முடிச்சில் குடியிருந்து காற்றின் நைட்ரஜனைச் செடிக்குத் தரும் பாக்டீரியா) கலந்தாயிற்று, அடியுரம் டிஏபி (தழைச்சத்தும் மணிச்சத்தும் உள்ள உரம்), 15ஆம் நாள் யூரியாவும் தூவியாயிற்று. இப்படி ஒரு வயலை எங்கிருந்து ஆராய ஆரம்பிப்பது?

கூடவே இன்னொரு கேள்வி. ஒரே செடியின் வேரில் பல வகை ரைசோபியம் குடியிருக்கும். அதில் ஒன்று செடியிடம் சர்க்கரையை மட்டும் வாங்கிக்கொண்டு தழைச்சத்து (நைட்ரஜன்) தராமல் இருந்தால் அதற்குச் செலவு மிச்சம், பெருக்கம் அதிகம். இப்படியே கோடிக்கணக்கான ஆண்டு போனால் சோம்பேறிப் பாக்டீரியாதானே மண் முழுக்க நிறைந்திருக்க வேண்டும்? ஏன் அப்படி ஆகவில்லை? இரண்டு கேள்விக்கும் அடியில் ஒரே விஷயம்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

#2 நுண்ணோக்கி

முதலில் செடியைப் பிடுங்குவதை நிறுத்துங்கள். பிடுங்கினால் முடிச்சு பாதி அறுந்து மண்ணிலேயே தங்கிவிடும். எஞ்சியதை எண்ணி முடிவுக்கு வந்தால் தவறாகத்தான் போகும். தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி நாலு பக்கமும் மண்வெட்டியால் வெட்டி, 20 செ.மீ. ஆழத்துக்கு மண்கட்டியோடு தூக்கி, வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறப் போடுங்கள். மண் தானாகக் கரைந்து விழும். வயலில் ஐந்தாறு இடம், இடத்துக்கு இரண்டு செடி போதும். வரப்போரத்துச் செடி வேண்டாம்.

அடுத்து, எண்ணிக்கையை மறந்துவிட்டு நிறத்தைப் பாருங்கள். முடிச்சைப் பிளேடால் குறுக்கே வெட்டினால் உள்ளே இளஞ்சிவப்பாகவோ ரத்தச் சிவப்பாகவோ இருக்க வேண்டும். அதுதான் வேலை நடக்கிற முடிச்சு. 15, 18 நாளில் வெள்ளையாக இருந்தால் இன்னும் இளசு, பொறுக்கலாம். 35 நாளிலும் வெள்ளையாகவே இருந்தால் அந்த முடிச்சு உங்கள் செடிக்கு ஒன்றும் தரவில்லை. பச்சையும் பழுப்புமாக இருந்தால் காலம் முடிந்த முடிச்சு. அது காய் முற்றும் பருவத்தில் இயல்பு, பூக்கும் முன்பே தெரிந்தால் கோளாறு.

அந்தச் சிவப்பு வெறும் நிறம் இல்லை. லெக்ஹீமோகுளோபின் என்ற புரதம் அது, நம் ரத்தத்தில் இருப்பதன் உறவு. ஜப்பானில் குபோ என்பவர் 1939இல் அதை அடையாளம் கண்டார். காற்றிலுள்ள நைட்ரஜனை உடைக்கிற நைட்ரோஜினேஸ் நொதியின் மேல் ஆக்சிஜன் பட்டால் நொதி கெட்டுவிடும். ஆனால் அந்த நொதியை ஓட்டுகிற பாக்டீரியாவுக்கு மூச்சுவிட ஆக்சிஜன் வேண்டும். ஒரு நைட்ரஜன் மூலக்கூறை அம்மோனியாவாக்க 16 ஏடிபி (செல் ஆற்றலுக்குச் செலவழிக்கும் மூலக்கூறு) செலவு, அவ்வளவு எரிபொருளை எரித்தாக வேண்டும். ஆக, ஆக்சிஜன் அளவு துளிகூட ஏறவும் கூடாது, ஓட்டம் நிற்கவும் கூடாது. லெக்ஹீமோகுளோபின் அதைப் பிடித்துப் பிடித்துச் சிறுகச் சிறுகக் கொடுக்கிறது. முடிச்சின் புறத்தோல் அடுக்கு, எவ்வளவு காற்று உள்ளே வரலாம் என்று நிர்ணயிக்கிறது. இந்தப் புறத்தோலை நினைவில் வையுங்கள், உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில் அங்கேதான் இருக்கிறது.

இன்னொரு எச்சரிக்கை. நீங்கள் பார்த்தது முடிச்சுதானா, நூற்புழு வீக்கமா? ரைசோபியம் முடிச்சு வேரின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும், விரலால் தள்ளினால் கழன்று வரும், வேர் அப்படியே நிற்கும். நூற்புழு வீக்கத்தில் வேரே பருத்திருக்கும், தள்ளினால் வேர்தான் அறும். வெட்டினால் சிவப்பு கிடையாது.

மஞ்சளிலும் வகை உண்டு. அடியிலை முதலில் வெளுத்தால் தழைச்சத்துக் குறை. நுனி இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புக் குறை, சுண்ணாம்பு மண்ணில் அடிக்கடி வரும். திட்டுத் திட்டாகப் பளிச்சென்ற மஞ்சள் என்றால் மஞ்சள் தேமல் நோய், அது வெள்ளை ஈ கொண்டுவருவது. அதற்கும் முடிச்சுக்கும் சம்பந்தமில்லை.

#3 வயல்வரப்பு

நுண்ணோக்கி அய்யா சொன்னதோடு உரக் கணக்கையும் பார்த்துவிடுவோம். இறவை உளுந்துக்கு எக்டருக்கு 25 கிலோ தழைச்சத்து, 50 மணிச்சத்து (பாஸ்பரஸ்), 25 சாம்பல்சத்து (பொட்டாஷ்) என்பது பரிந்துரை. மானாவாரிக்கு இதில் பாதி. மணிச்சத்து 50 கிலோவை டிஏபி மூலம் கொடுத்தால் ஏறக்குறைய 109 கிலோ டிஏபி வேண்டும். அதில் 18 சதவீதம் தழைச்சத்து, அதாவது 20 கிலோ அதிலேயே வந்துவிடுகிறது. பாக்கி 5 கிலோவுக்கு 11, 12 கிலோ யூரியா போதும். அதற்கு மேல் 15ஆம் நாள் ஒரு மூட்டை யூரியா தூவினால், 45 கிலோ மூட்டைக்கு 20 கிலோவுக்கு மேல் தழைச்சத்து கூடுதலாக மண்ணில் விழுகிறது.

வேரைச் சுற்றி நைட்ரேட் கிடைத்தால் செடி முடிச்சுக்குச் சர்க்கரை அனுப்புவதைக் குறைத்துக்கொள்ளும். மண்ணில் சும்மா கிடைப்பதற்கு முடிச்சில் எதற்கு விலை கொடுக்க வேண்டும்? ஒரு கிராம் தழைச்சத்து முடிச்சிலிருந்து வாங்க ஏறக்குறைய 6 கிராம் கார்பன் செலவாகிறது. யூரியா கரைந்து தீர்ந்த பிறகு, 30 நாளுக்கு மேல் செடிக்குப் பசி எடுக்கும்போது முடிச்சு தயாராக இருக்காது. அந்த இடைவெளியில்தான் இப்படி வெளுக்கும்.

#4 மரபுக்கிளை

கரிசல்வேர் கேட்ட இரண்டாவது கேள்வி பரிணாம உயிரியலில் பழைய தலைவலி. அதைச் சரியாக வைக்க, முதலில் ஒரு ஒப்பீடு.

அசுவினிப் பூச்சிக்குள் புக்னெரா என்ற பாக்டீரியா இருக்கிறது. செடிச்சாற்றில் கிடைக்காத அமினோ அமிலங்களைப் பூச்சிக்குச் செய்து கொடுக்கிறது. அது தாயிடமிருந்து குஞ்சுக்கு நேரடியாகப் போகிறது. பூச்சி செத்தால் பாக்டீரியா வம்சமும் முடிந்தது. இருவர் நலனும் ஒரே கயிற்றில் கட்டியிருப்பதால் அங்கே ஏமாற்று வளர இடம் குறைவு.

ரைசோபியம் அப்படி இல்லை. விதை வழியாகப் போவதில்லை. ஒவ்வொரு பருவமும் ஒவ்வொரு செடியும் மண்ணிலிருந்து புதிதாக ஆள் சேர்க்கிறது. செடி காய்ந்ததும் முடிச்சு உடைந்து பாக்டீரியா மண்ணுக்குத் திரும்புகிறது. அதற்குச் செடியின் பேரப்பிள்ளைகளைப் பற்றிக் கவலைப்பட எந்தக் காரணமும் இல்லை. அதோடு, ஒரு முடிச்சு தருகிற நைட்ரஜனால் செழித்த செடி பக்கத்து முடிச்சுக்கும் சேர்த்துத்தான் சர்க்கரை அனுப்பும். பத்து வீட்டுக்குப் பொதுக் கிணறு. ஒருவர் தூர் வாராமல் இருந்தாலும் அவருக்கும் தண்ணீர் கிடைக்கும். இந்த நிலையில் சோம்பேறி ஜெயிப்பான் என்றுதான் கணக்கு சொல்லும், முடிச்சு முடிச்சாகச் செடி பாகுபாடு காட்டாத வரை.

காட்டுகிறதா? 2003இல் டோபி கியர்ஸ், ஃபோர்ட் டெனிசன் குழு சோயாவில் செய்த சோதனை இதற்காகத்தான். சோம்பேறி பாக்டீரியாவைத் தேடி அலையாமல், நல்ல பாக்டீரியாவையே சோம்பேறியாக்கினார்கள். காற்றில் நைட்ரஜனுக்குப் பதில் ஆர்கானை நிரப்பி, 80 பங்கு ஆர்கான், 20 பங்கு ஆக்சிஜன் வைத்தார்கள். பாக்டீரியா அதே இனம், அதே மரபு, அதே முயற்சி. பிடிக்க நைட்ரஜன் மட்டும் கிடையாது. முழுச் செடிக்கும், ஒரே செடியின் பாதி வேருக்கும், தனி முடிச்சுக்கும் என்று மூன்று அளவிலும் செய்தார்கள். மூன்றிலும் நைட்ரஜன் தந்த முடிச்சில் பாக்டீரியா எண்ணிக்கை, தராத முடிச்சைப் போல சுமார் இரண்டு மடங்கு. தராத முடிச்சின் புறத்தோல் வழியே ஆக்சிஜன் நுழைவதும் குறைந்திருந்தது. செடி கதவைச் சாத்துகிறது, சோம்பேறிக்கு அது தண்டனை.

இந்தச் சோதனையின் அழகு எனக்கு அந்தத் தனி முடிச்சு அளவில்தான். முழுச் செடியும் பசியில் வாடி எல்லாப் பாக்டீரியாவும் குறைந்தது என்று சொல்லவே முடியாது. ஒரே வேரில் அடுத்தடுத்த இரண்டு முடிச்சு. ஒன்றுக்குச் சோறு, ஒன்றுக்குப் பட்டினி.

#5 கரிசல்வேர்

நல்ல விளக்கம். ஆனால் ஒரு சந்தேகம். முடிச்சு முடிச்சாகப் பாகுபாடு என்றால், ஒரே முடிச்சுக்குள் நல்லதும் சோம்பேறியும் கலந்து உட்கார்ந்துகொண்டால்? நல்லதின் நிழலில் மற்றது பிழைத்துக்கொள்ளாதா? செடியும் வாசலிலேயே ஆள் பார்த்து உள்ளே விடாதா?

#6 நுண்ணோக்கி

வாசலில் பார்ப்பது அடையாளத்தை மட்டும்தான், வேலையை இல்லை.

நடப்பது இப்படி. பட்டினியான வேர் பிளேவனாய்டு வகைச் சேர்மங்களை மண்ணில் கசிய விடுகிறது. அதை உணர்ந்த ரைசோபியம் நாட் காரணி என்ற பதில் மூலக்கூறை வெளியிடுகிறது. கைட்டின் (பூஞ்சைச் சுவரிலும் பூச்சி ஓட்டிலும் உள்ள பொருள்) துண்டு ஒன்றில் கொழுப்பு வால் ஒட்டிய பொருள் அது. அதன் அமைப்பை பிரான்சில் துலூஸ் குழு 1990இல் கண்டறிந்தது. வாலின் நீளமும் பக்கக் கிளைகளும் இனத்துக்கு இனம் மாறும், செடியின் ஏற்பி அந்தப் பூட்டுக்கேற்ற சாவியை மட்டும் ஏற்கும். பொருந்தினால் வேர்த்தூவி சுருண்டு பாக்டீரியாவைப் பொதிந்துகொள்கிறது, உள்நோக்கி ஒரு குழல் வளர்கிறது, வேரின் உட்பகுதியில் செல்கள் பிரிந்து முடிச்சு உருவாகிறது.

அதனால்தான் கொண்டைக்கடலைக்கான கலவை உளுந்துக்கு உதவாது, சோயாவுக்குத் தனிக் கலவை. உளுந்து, பாசிப்பயறு, தட்டைப்பயறு, துவரை, நிலக்கடலை எல்லாம் ஏறத்தாழ ஒரே குழு. நம் மண்ணில் உள்ள பிராடிரைசோபிய (ரைசோபியத்தின் உறவு) வகைகள் பலவற்றை ஏற்றுக்கொள்ளும். நிலக்கடலையில் வேர்த்தூவிச் சுருள் கிடையாது. பக்கவேர் வெடித்துக் கிளம்பும் இடுக்கு வழியாகப் பாக்டீரியா நுழைகிறது, முடிச்சும் அந்தக் கக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கும். கடலைச் செடியைக் கழுவிப் பார்த்தால் கண்ணுக்கே தெரியும்.

சரியான சாவி வைத்திருக்கும் ஒன்று உள்ளே போய் நைட்ரஜன் தராமல் இருக்கலாம். சாவிக்கான மரபணு வேறு, நைட்ரோஜினேஸ் மரபணு வேறு. ஆகவே வேலையை உள்ளே விட்ட பிறகுதான் சோதிக்க முடியும்.

கலப்பு முடிச்சு பற்றிய கேள்வி சரியான கேள்வி. பெரும்பாலும் ஒரு குழலில் ஓரிரு பாக்டீரியாவின் வாரிசுகள்தான் உள்ளே போகும், அதனால் முடிச்சு பெரும்பாலும் ஒரே வம்சம். கலந்தாலும் தப்ப முடியாது என்பதைத் தொட்டாற்சிணுங்கியில் காட்டியிருக்கிறார்கள். நைட்ரஜன் தரும் வகையையும், அந்த மரபணு நீக்கப்பட்ட அதன் சகோதரியையும் கலந்து விட்டார்கள். இரண்டும் ஒன்றுபோல நுழைந்தன, ஒன்றுபோலப் பெருகின. சுமார் 20 நாளுக்குப் பிறகு தராத வகை சிதைய ஆரம்பித்தது. கலப்பு முடிச்சிலும் அது குடியிருந்த செல்கள் மட்டும் தனியே மூடப்பட்டன. 2017இல் வந்த வேலை. செடியின் கணக்கு முடிச்சு அளவோடு நிற்கவில்லை, செல் வரை போகிறது.

குதிரைமசால் இனத்தில் வேறு வழி. செடி 600க்கும் மேற்பட்ட சிறு புரதங்களைப் பாக்டீரியா மேல் ஏவி, அதை ஊதிப் பெரிதாக்கி, இனி பிரியவே முடியாத நிலைக்குக் கொண்டுபோய்விடும். அதன்பிறகு அது நைட்ரஜன் பிடிக்கும், பிள்ளை பெறாது. குழலில் காத்திருக்கும் அதன் உறவுகள்தான் அடுத்த தலைமுறைக்குப் போகும். உளுந்து, சோயாவில் இது கிடையாது, உள்ளே வேலை செய்ததே திரும்ப மண்ணுக்கு வர முடியும்.

#7 ஏரிக்கரை

மரபுக்கிளை தோழரிடம் ஒரு மறுப்பு. “தண்டனை” என்ற சொல் இங்கே தேவையா? முடிச்சிலிருந்து வரும் அம்மோனியாவைப் பிடித்து வேறு நைட்ரஜன் சேர்மமாக மாற்றி அனுப்பவே செடிக்கு அங்கே கார்பன் வேண்டும். வேலை நடக்கும் இடத்துக்குச் சர்க்கரை ஓடும், நடக்காத இடத்துக்கு ஓடாது. வாய்க்காலில் மடை திறந்த பக்கம் தண்ணீர் போவது போல. அதற்கு நீதிபதி வேண்டியதில்லை.

இரண்டாவது, உண்மையான ஏமாற்றுக்காரர்கள் எத்தனை பேர்? பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2012ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று, செடிக்கு அதிகம் நன்மை தரும் ரைசோபியமே முடிச்சிலும் அதிகம் பெருகுகிறது, இருவர் நலனும் ஒரே திசையில் போகிறது என்றது. பயனற்ற பாக்டீரியா பெரும்பாலும் ஏமாற்றுவதில்லை, அந்தச் செடிக்குப் பொருந்தாதது, அவ்வளவுதான். உளுந்தில் வெள்ளை முடிச்சு போடும் ஒன்று காட்டுக் கொள்ளில் சிவப்பு முடிச்சு போடக்கூடும்.

#8 மரபுக்கிளை

முதல் மறுப்பை முக்கால்வாசி ஏற்கிறேன். “தண்டனை” என்று சொன்னால் செடிக்கு மனம் இருப்பதுபோல் ஆகிவிடும். மடை உவமை நடப்பதற்கு நெருக்கமானது. ஆனால் பாக்டீரியாவின் பக்கத்திலிருந்து பார்த்தால் விளைவு ஒன்றுதான்: தருபவனுக்குப் பிள்ளைகள் அதிகம், தராதவனுக்குக் குறைவு. இயற்கைத் தேர்வுக்கு அது போதும். எப்படித் தொடங்கியது என்பதற்கு உங்கள் விளக்கம் பொருந்துகிறது. முடிச்சின் புறத்தோல் ஆக்சிஜனைக் குறைப்பதை மட்டும் மடை உவமையால் முழுதாக விளக்க முடியவில்லை, அங்கே செடி கூடுதலாக ஏதோ செய்கிறது.

இரண்டாவதில் ஒரு சிக்கல். அந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை ஒரு செடிக்கு ஒரே வகைப் பாக்டீரியா கொடுத்துப் பார்த்தவை. சோம்பேறி மட்டும் இருந்தால் செடியே வாடும், அதுவும் வாடும். நலன் ஒத்துப்போவதாகத்தான் தெரியும். அடுத்தவன் உழைப்பில் வாழ அடுத்தவன் இருக்க வேண்டும் அல்லவா? கலந்து கொடுத்துப் பார்க்காமல் ஏமாற்று இல்லை என்று சொல்ல முடியாது. ஆனாலும் பொருந்தாமை என்பது வயலில் பெரிய காரணம் என்பதை மறுக்கவில்லை. அதைப் பற்றி யாராவது நியூசிலாந்துக் கதையை எழுதினால் நல்லது.

#9 சவுக்குத்தோப்பு

இந்த ஏற்பாடு எங்கிருந்து முளைத்தது என்று யாரும் தொடவில்லை, சுருக்கமாக எழுதுகிறேன்.

ரைசோபியத்துக்காகச் செடி புதிதாகக் கதவு செய்யவில்லை. நிலத்தில் செடி ஏறிய காலத்திலேயே வேர்ப்பூஞ்சையோடு கூட்டு இருந்தது. ஸ்காட்லாந்தின் ரைனி பாறைகளில் 40 கோடி ஆண்டுக்கு முந்தைய செடிகளுக்குள் அந்தப் பூஞ்சையின் கிளைகள் கல்லாகிக் கிடக்கின்றன. பூஞ்சையை உள்ளே விட வைத்திருந்த அதே சமிக்ஞைப் பாதையை, சுமார் 10 கோடி ஆண்டுக்கு முன் ரைசோபியம் பயன்படுத்திக்கொண்டது. நாட் காரணியும் வேர்ப்பூஞ்சையின் சமிக்ஞையும் கைட்டின் அடிப்படையில் ஒத்த அமைப்பு கொண்டவை.

பயறுவகை மட்டும் என்றும் நினைக்க வேண்டாம். கடற்கரைச் சவுக்கு வெறும் மணலில் வளர்வது பிராங்கியா என்ற இழைப் பாக்டீரியாவின் தயவில்தான். சவுக்கு வேரில் கொத்துக் கொத்தாகப் பவளம்போல நிற்கும் முடிச்சு அது. பாரஸ்போனியா என்ற மரம் பயறுவகையே இல்லை, ஆனாலும் ரைசோபியத்தை ஏற்கிறது. முடிச்சு போடும் திறன் உள்ளவை எல்லாம் நான்கு தாவர வரிசைகளுக்குள் அடங்கும். அந்த நான்கிலும் இப்போது முடிச்சு இல்லாத இனங்கள் ஏராளம். 2018இல் வந்த மரபணு ஒப்பீடுகள், பல கிளைகள் இந்தத் திறனை ஒரு காலத்தில் வைத்திருந்து பின்னால் இழந்தன என்று காட்டின. நின் என்ற கட்டுப்பாட்டு மரபணு அவற்றில் திரும்பத் திரும்ப உடைந்திருக்கிறது. செலவு வரவைவிடக் கூடியபோது கூட்டை முறித்துக்கொண்ட செடிகள் ஏராளம் என்றுதான் எனக்குப் படுகிறது.

#10 நுண்ணோக்கி

மரபுக்கிளை கேட்ட நியூசிலாந்து விஷயம். அங்கே லோட்டஸ் என்ற தீவனப் பயறுக்கு ஏற்ற ரைசோபியம் மண்ணில் இல்லை. ஒரே ஒரு வகையை விதையோடு கொடுத்தார்கள். ஏழு ஆண்டு கழித்து முடிச்சுகளைத் திறந்தால் பலவகைப் பாக்டீரியா. கொடுத்த வகையின் குரோமோசோமில் 5 லட்சம் டிஎன்ஏ எழுத்து நீளமுள்ள ஒரு துண்டு இருந்தது. முடிச்சு போடவும் நைட்ரஜன் பிடிக்கவும் தேவையான மரபணுக்கள் எல்லாம் அதற்குள். அந்தத் துண்டு அப்படியே பெயர்ந்து, மண்ணில் சும்மா வாழ்ந்த உள்ளூர்ப் பாக்டீரியாவுக்குள் குடியேறியிருந்தது. சல்லிவன், ரான்சன் குழு 1995இல் எழுதியது. மேற்கு ஆஸ்திரேலியாவில் பிசெருலா என்ற தீவனப் பயறில் இதே நடந்தது. அங்கே ஆறே ஆண்டில் உள்ளூர்ப் பாக்டீரியா சாவியை வாங்கிக்கொண்டது, ஆனால் பல வகைகள் நைட்ரஜன் சரியாகத் தரவில்லை. ஏரிக்கரை சொன்ன பொருந்தாமை இதுதான். கதவு திறக்கும், வேலை நடக்காது.

இதைவிட வியப்பானது ரால்ஸ்டோனியா சோதனை. தக்காளி, கத்தரியைச் சில நாளில் சாய்க்கிற வாடல் நோய்ப் பாக்டீரியா அது. துலூஸ் குழு அதற்குள் தொட்டாற்சிணுங்கியின் கூட்டாளிப் பாக்டீரியாவிலிருந்து எடுத்த முடிச்சு மரபணுக்கள் கொண்ட பிளாஸ்மிடை (குரோமோசோமுக்கு வெளியே உள்ள டிஎன்ஏ வளையம்) செலுத்தியது. நேரே முடிச்சு வரவில்லை. நிறையச் செடிகளில் போட்டுப் பார்த்ததில் ஒரு சில முடிச்சு கிளம்பியது. அவற்றைத் திறந்து பார்த்தால், பாக்டீரியாவின் நோய் ஊசி, அதாவது செடியின் செல்லுக்குள் புரதம் செலுத்தும் கருவி, ஒரே பிறழ்வில் செயலிழந்திருந்தது. தாக்குதலை நிறுத்திய பிறகுதான் செடி உள்ளே விட்டது. 2010இல் வெளியான வேலை. பிறகு அதைச் செடிக்குச் செடி மாற்றி 400 தலைமுறை வளர்த்தார்கள். முடிச்சுக்குள் குடியிருக்கும் திறன் வளர்ந்துகொண்டே போனது. நைட்ரஜன் மட்டும் தரவில்லை. குடியேறுவது எளிது, உழைப்பது கடினம். அடையாளம் காட்டுவதற்கும் பலன் தருவதற்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பதற்கு இதைவிடத் தெளிவான காட்சியை நான் அறியேன்.

#11 வயல்வரப்பு

இப்போது கடையில் வாங்கும் ரைசோபியப் பொட்டலத்துக்கு வருவோம். ரைசோபியம் போட்டும் பயனில்லை என்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்கட்டும்.

தூள் வடிவ ரைசோபியத்தில் கிராமுக்குக் குறைந்தது 5 கோடி உயிருள்ள செல் இருக்க வேண்டும் என்பது உரக் கட்டுப்பாட்டு ஆணையின் அளவு. எக்டருக்கு 200 கிராம் பொட்டலம் மூன்று, மொத்தம் 600 கிராம், ஆக 3,000 கோடி செல். கேட்கப் பெரிதாக இருக்கும். ஒரு எக்டரின் மேல் 15 செ.மீ. மண் சுமார் 22.5 லட்சம் கிலோ. தொடர்ந்து பயறு விளையும் மண்ணில் கிராமுக்கு ஆயிரம் உள்ளூர் ரைசோபியம் இருப்பதாக வைத்தால் அது 2,25,000 கோடி. பொட்டலத்தைப்போல 75 மடங்கு. ஹவாயின் மாவி தீவில் செய்த வயல் சோதனைகளில், மண்ணில் கிராமுக்கு 50 உள்ளூர் ரைசோபியம் இருந்தாலே விதை நேர்த்தியின் பலன் பெரும்பாலும் காணாமல் போனது (1991).

நமக்கு இருக்கும் ஒரே சாதகம் இடம். பொட்டலத்துப் பாக்டீரியா விதையிலேயே ஒட்டியிருக்கிறது, முளைவேர் முதலில் சந்திப்பது அதைத்தான். எக்டருக்கு 20 கிலோ விதை என்றால் ஒரு உளுந்துக்கு 60, 70 ஆயிரம் செல் கிடைக்கும். அதைச் சாகாமல் மண்ணுக்குள் கொண்டுபோவதில்தான் எல்லாம் இருக்கிறது:

ஆறிய அரிசிக் கஞ்சியில் பொட்டலத்தைக் குழைத்து விதையில் புரட்டுங்கள். கஞ்சி சூடாக இருந்தால் அங்கேயே முடிந்தது. நிழலில் அரை மணி உலர்த்தி அன்றைக்கே விதைக்க வேண்டும், 24 மணி நேரம் தாண்டக் கூடாது. வெயிலில் உலர்த்துவதுதான் அதிகம் நடக்கிற தவறு. கார்பன்டாசிம், திரம் போன்ற பூஞ்சாணக் கொல்லி நேர்த்தி செய்வதாக இருந்தால் அதை முதலில் முடித்து, ஒரு நாள் இடைவெளி விட்டு ரைசோபியம். இரண்டையும் ஒன்றாகக் கலப்பது பாக்டீரியாவுக்கு விஷம் வைப்பதற்குச் சமம். பொட்டலத்தில் பயிர்ப் பெயரும் காலாவதித் தேதியும் பாருங்கள், யூரியா மூட்டை மேல் அடுக்கி வைத்ததை வாங்காதீர்கள். காய்ந்த புழுதியில் விதைத்து மழைக்குக் காத்திருந்தாலும் செல் செத்துவிடும்.

போட்ட பாக்டீரியா பிடித்ததா என்று கண்டுகொள்ள ஒரு குறிப்பு: முடிச்சு ஆணிவேரின் மேல் பகுதியில், தண்டுக்குக் கீழே கொத்தாக இருந்தால் விதையில் போட்டது வேலை செய்திருக்க வாய்ப்பு அதிகம். பக்கவேர்களில் சிறிதாகச் சிதறிக் கிடந்தால் உள்ளூர்க்காரன்தான் பெரும்பாலும்.

சோயா முதன்முறை போடும் நிலம் என்றால் கதையே வேறு. அதற்கான பாக்டீரியா மண்ணில் இருக்காது, போட்டியும் இல்லை. அங்கே விதை நேர்த்தி கண்கூடாகப் பலன் தரும்.

#12 கரிசல்வேர்

முடிச்சு அதிகம் போடும் ரகத்தைத் தேர்ந்தெடுத்தால் பிரச்சினை தீராதா? யூரியாவை வருடக்கணக்கில் போட்டால் மண்ணிலுள்ள பாக்டீரியாவே மாறிவிடும் என்று படித்தேன், அது உண்மையா?

#13 மரபுக்கிளை

முடிச்சு எண்ணிக்கை: இல்லை. செடி தானே எண்ணிக்கையை அளந்து வைத்திருக்கிறது. வேரில் முடிச்சு கிளம்பியதும் ஒரு சிறு புரதச் செய்தி தண்டுக்குப் போய், “போதும்” என்று திரும்பி வரும். அந்தச் செய்தியை வாங்கும் ஏற்பி உடைந்த சோயாச் செடிகளை 1985இல் ஆஸ்திரேலியாவில் உருவாக்கினார்கள். முடிச்சு பல மடங்கு. செடி குட்டை.

யூரியா: மிச்சிகனில் ஓர் ஆய்வு நிலையத்தில் 22 ஆண்டு நைட்ரஜன் உரம் போட்ட பாத்திகளிலிருந்தும் போடாத பாத்திகளிலிருந்தும் ரைசோபியத்தை எடுத்து, ஒரே சூழலில் கிளோவர் என்ற தீவனப் பயறுச் செடிக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். உரம் கண்ட மண்ணின் பாக்டீரியா பெற்ற செடிகள் சிறியதாக வளர்ந்தன. 2015இல் வந்த முடிவு. ஏரிக்கரை சொன்ன மடை இங்கே அடைபடுகிறது. செடி மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்வதால் நல்லவனுக்கும் சோம்பேறிக்கும் வேறுபாடு காட்டும் தேவை குறைகிறது, தலைமுறைக்குத் தலைமுறை நல்லவன் பங்கு தேய்கிறது. செடியின் பக்கமும் தேயக்கூடும். கலப்புப் பாக்டீரியா கொடுத்தபோது பழைய சோயா ரகங்கள், புதிய ரகங்களைவிடத் தங்கள் திறனுக்கு நெருக்கமாக விளைந்தன என்று கியர்ஸ் குழுவே 2007இல் காட்டியது. உரம் தாராளமாகக் கிடைக்கும் நிலத்தில் ரகம் தேர்ந்தெடுத்தால், ஆளைப் பிரித்தறியும் குணத்தை யாரும் கவனிப்பதில்லை. நம் பயறு ரகங்களைக் கலப்பு ரைசோபியத்தில் வைத்துச் சோதிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். வளர்ப்பாளர்கள் யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து யோசியுங்கள்.

#14 வயல்வரப்பு

கரிசல்வேர் தம்பிக்கு, இந்தப் பயிரை இப்போது காப்பாற்றும் வழி. வெட்டிப் பார்த்து முடிச்சு வெள்ளை என்றால் இனி மண்ணில் யூரியா வேண்டாம். பூக்கும்போது ஒரு முறை, 15 நாள் கழித்து ஒரு முறை 2 சதவீத டிஏபி இலைவழி கொடுங்கள். ஏக்கருக்கு 4 கிலோ டிஏபியை முந்தின இரவு 10 லிட்டர் தண்ணீரில் ஊறப் போட்டு, தெளிவை மட்டும் வடித்து 200 லிட்டராக்கி மாலையில் தெளிக்க வேண்டும். அடிமண்டியை ஊற்றினால் தெளிப்பான் அடைக்கும், இலையும் கருகும். தண்ணீர் தேங்கினால் உடனே வடியுங்கள். மூச்சு முட்டினால் நல்ல முடிச்சும் ஓரிரு நாளில் வேலையை நிறுத்திவிடும்.

மணிச்சத்தும் மாலிப்டினமும் இல்லாமல் எந்த ரைசோபியமும் நைட்ரஜன் பிடிக்காது. மாலிப்டினம் நைட்ரோஜினேஸின் நடுவிலேயே இருக்கும் உலோகம். அமில மண்ணில் அது வேருக்குக் கிடைக்காமல் பூட்டிக்கொள்ளும். அங்கே சுண்ணாம்பு இட்டாலே முடிச்சு சிவப்பதைக் காணலாம்.

அடுத்த பருவத்துக்கு ஒரு சோதனை வையுங்கள். ஒரே வயலில் மூன்று பட்டை, ஒவ்வொன்றும் 5 மீட்டர் அகலம். முதல் பட்டையில் ரைசோபியமும் இல்லை, தழைச்சத்தும் இல்லை. இரண்டாவதில் ரைசோபியம் மட்டும். மூன்றாவதில் தழைச்சத்து மட்டும் தாராளமாக. மணிச்சத்தை சூப்பர் பாஸ்பேட்டாக மூன்றிலும் ஒரே அளவு, டிஏபி வேண்டாம், அதிலுள்ள தழைச்சத்து கணக்கைக் குழப்பும். ரைசோபியம் இல்லாத பட்டைகளை முதலில் விதைத்துவிட்டுக் கையைக் கழுவி, பிறகு நேர்த்தி செய்த விதையைத் தொடுங்கள். பட்டைகளுக்கு நடுவே வாய்க்கால் தண்ணீர் ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போகாமல் வரப்பு போடுங்கள்.

40ஆம் நாள் மூன்றையும் தோண்டிப் பாருங்கள். முதல் பட்டையே மூன்றாவதைப்போலக் கரும்பச்சையாக, முடிச்சு சிவப்பாக இருந்தால் உங்கள் மண்ணில் நல்ல ரைசோபியம் ஏற்கெனவே இருக்கிறது, பொட்டலக் காசு மிச்சம். முதல் பட்டை வெளுத்து இரண்டாவது பச்சை என்றால் நேர்த்தி வேலை செய்கிறது. முதல் இரண்டும் வெளுத்து, வேரில் முடிச்சு நிறைய இருந்தும் உள்ளே வெள்ளை என்றால் பயனற்ற உள்ளூர் வகை இடத்தைப் பிடித்திருக்கிறது. அப்போது விதையில் இரட்டை அளவு ரைசோபியமும், 2 கிலோ ரைசோபியத்தை 25 கிலோ தொழு உரம், 25 கிலோ மணலோடு கலந்து எக்டருக்குச் சாலில் இடுவதும் செய்து பார்க்கலாம். மூன்றுமே வெளுத்திருந்தால் குறை தழைச்சத்தில் இல்லை, மண்ணைப் பரிசோதனைக்கு அனுப்புங்கள்.

#15 கரிசல்வேர்

மூன்று பட்டைக்கும் முளைக்குச்சி அடித்துவிடலாம். சூப்பர் பாஸ்பேட் எக்டருக்கு 50 கிலோ மணிச்சத்துக்கு எவ்வளவு?

#16 வயல்வரப்பு

அதில் 16 சதவீதம். 312 கிலோ, 50 கிலோ மூட்டையில் ஆறேகால். அதிலேயே கந்தகமும் சுமார் 11 சதவீதம் வந்துவிடும், தனியாக ஜிப்சம் வேண்டாம்.